டிஷ் பிறையும் தோடம்பழ நட்சத்திரமும்

மலைநாட்டில் கலஹாவிலிருந்து மடுல்கெல்ல வரைக்கும் லாபிர் ஏறாத கூரை இல்லை. தகரமோ, ஓடோ, கொங்கிரீட் தட்டோ, எதுவானாலும் ஏணியைச் சாத்திய மறு நிமிடம் ஆள் மேலே நிற்பார். டிவிக்கு டிஷ் பூட்டுவதுதான் அவருடைய தொழில். வயது நாற்பத்தெட்டு, தொந்தி கொஞ்சம், பேச்சு நிறைய. சிக்னல் கிடைப்பதற்குள் அந்த வீட்டுக்காரருடைய மூன்று தலைமுறைக் கதையையும் கேட்டு முடித்துவிடுவார். "டிவி சரியாப் போச்சு, இனி நீங்க போகலாம்" என்று தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்ததும் உண்டு.

இப்படி உயரத்திலேயே காலம் தள்ளுகிற மனிதர், வருஷத்தில் ஒரேயொரு மாலை மட்டும் தன் சொந்த வீட்டுக் கூரைத் தட்டில் கால் வைக்க மாட்டார். ரமழான் இருபத்தொன்பதாம் நோன்பன்று, ஊரே மேற்கே பார்த்துப் பெருநாள் பிறை தேடும் மாலை அது. அன்றைக்கு லாபிர் நோன்பு திறந்த கையோடு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். "பிறை கண்டா ரேடியோவுல செல்லுவாங்க" என்பார். காரணம் அவர் வீடு இருக்கும் வத்தேகம ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் யாராவது சொல்லிவிடுவார்கள், அதில் நம் ஊராட்கள் குறை வைப்பதில்லை.

நடந்தது இதுதான். ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு இருபத்தொன்பதாம் நோன்பு. அந்தக் காலத்தில் பிறை பார்ப்பதென்றால் லாபிருடைய வீட்டுத் தட்டில்தான். வானம் துடைத்து விட்டாற்போல இருந்தது. அரை மணி நேரமாக எல்லாரும் கழுத்து நோகப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அப்போது லாபிர் எதிர்மலை உச்சியைக் காட்டி, "அந்தா பிறை!" என்று ஒரு கத்துக் கத்தினார். எல்லாரும் பார்த்தார்கள். மெல்லிய, வளைந்த, வெள்ளிக் கம்பி போன்ற கீற்று. சந்தேகமே இல்லை! யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். லாபிரின் மனைவி அஸீமா பெருநாள் பலகாரமான வட்டிலப்பத்தை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

லாபிர் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் ஷப்ராஸ். ஒரே சுவரின் அந்தப் பக்கம் அவர் வீடு; பஜாரில் இரும்புக் கடை; ஊரில் மரியாதைக்குரிய ஹாஜியார். அவர் தன் வீட்டு முற்றத்தில் நின்றபடியே தம்பியின் சத்தத்தைக் கேட்டார். ஏறி வந்து பார்க்கக்கூட இல்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போய், நிர்வாக சபையார் முன்னால் நின்று, "என்ட தம்பி கண்ணால கண்டீக்கிறான், அது போதும்" என்று சாட்சி சொன்னார். மாத்தளையில் இருந்த சொந்தக்காரருக்கெல்லாம் போன் போட்டு வாழ்த்தும் சொல்லிவிட்டார்.

பிறை என்றால் கொஞ்ச நேரத்தில் இறங்க வேண்டுமே. இது இறங்கவில்லை. அரை மணி நேரமாக அதே இடத்தில், அதே பளபளப்போடு நின்றது. பள்ளியிலிருந்து இரண்டு பொடியன்மார் மோட்டார் சைக்கிளில் எதிர்மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்துத் திரும்பி வந்தார்கள். அது ஒரு கடைக்காரருடைய கூரையில் இருந்த டிஷ். கீழே வாசல் பல்பைப் போட்டதும் அதன் விளிம்பு மட்டும் மினுங்கியிருக்கிறது. அதைப் பூட்டியது யார்? வேறு யார், போன கிழமை லாபிர்தான்!

ஊர் சிரித்தது. லாபிரும் சிரித்திருப்பார், அவருக்கு அது பழக்கம். ஆனால் ஷப்ராஸ் நானாவின் மானம் கப்பலேறிவிட்டது. 'டிஷ் பிறை' என்று ஒரு பேர் விழுந்தது. விழுந்தது தம்பி மேல் அல்ல, சாட்சி சொன்ன அண்ணன் மேல். கடைக்கு ஆணி வாங்க வந்தவன்கூட, "ஹாஜியார், இந்த வருஷம் பெருநாள் எந்த செனல்ல?" என்று கேட்டான். அன்றைக்கு வீடு வந்தவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இனி ஒன்ட பிறையும் வேணாம், ஒன்ட கண்ணும் வேணாம்!" என்று ஒரு போடு போட்டார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் மக்காவில் அறிவிக்கும் நாளையே பிடித்துக்கொண்டார். அப்படிக் கொண்டாடுகிறவர்கள் ஊரில் முன்பும் உண்டு, அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அவர் போன காரணம் மார்க்கமல்ல, ரோசம். அது அவருக்கும் தெரியும், லாபிருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து ஒரு சுவருக்கு இரண்டு பெருநாள். நானா வீட்டில் பெருநாள் சோறு மணக்கும் பகலில் லாபிர் வீட்டில் நோன்பு. லாபிர் வீட்டில் பெருநாள் வரும்போது நானாவுக்கு அது நேற்றைய கதை. சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அப்போதும் நானா மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். சண்டை என்று சொல்ல முடியாது. வழியில் கண்டால் ஸலாம் உண்டு, சுகயீனம் என்றால் ஓடி வருவார்கள், வட்டிலப்பமும் சுவர் தாண்டிப் போய்வரும். ஒன்று மட்டும் இல்லை. சஹன் இல்லை.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டம். அதில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். வாப்பா இருந்த காலத்தில் பெருநாளன்று வாப்பா, நானா, லாபிர், மச்சான்மார் எல்லாரும் ஒரே சஹனில்தான். நல்ல இறைச்சித் துண்டைத் தன் பக்கத்திலிருந்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது அந்தத் தட்டத்தின் மரியாதை. நானா எப்போதும் லாபிர் பக்கம் தள்ளுவார். அந்தச் சஹன் இப்போது லாபிரின் அலுமாரிக்கு மேலே பழைய சாரத் துணியொன்றில் சுற்றிக் கிடந்தது.

இந்த வருஷம் லாபிருக்கு நெஞ்சில் ஒரு அவசரம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நானா குடும்பத்தோடு மாவனெல்லைக்குப் போகிறார். மகன் ஸிபான் அங்கே கடை போட்டிருக்கிறான், வீடும் எடுத்துவிட்டான். அப்படியென்றால் சுவரோடு சுவராக இருக்கப்போகும் கடைசி நோன்புப் பெருநாள் இதுதான். "இந்த முறையாவது அந்தச் சஹன எறக்கணும்" என்று லாபிர் நோன்பு தொடங்கியதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லிச் சொல்லியே நோன்பு முடிஞ்சிரும்" என்றாள் அஸீமா. "போய் நானாட்ட நேர செல்லுங்களேன்."

"எனக்கு ஏலா. அவர் என்ட மூஞ்சியப் பாத்தா அந்த டிஷ்தான் ஞாபகம் வரும்."

இந்த நேரத்தில்தான் நானாவின் மகள் ஸனா வந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வட்டிலப்பம் சுமப்பவளும் அவள்தான்.

"சாச்சா, டிஷ் பூட்டுற போஸ்ட் ஒண்டு சும்மா ஈக்கா? கெம்பஸ்ல டெலஸ்கோப் ஒண்டு தந்தாங்க. அதுட கால் ஆடுது. எங்கட கூரை தகரம். ஒங்கட தட்டுல வெச்சா மேக்கால நல்லாத் தெரியும்."

தொழில் விஷயம் என்றால் லாபிருக்குக் கை சும்மா இருக்குமா? பழைய இரும்புப் போஸ்ட்டைத் தட்டில் நட்டு, கிளாம்ப் அடித்து, டெலஸ்கோப்பை அசையாமல் பூட்டிக் கொடுத்தார். அன்று நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தராவீஹ் தொழுகைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் மேலே நின்றார்கள். மேற்கே சரிந்துகொண்டிருந்த ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு ஸனா குழாயைத் திருப்பினாள். வெறுங்கண்ணுக்கு அது ஒரு பொட்டு, அவ்வளவுதான். குழாய்க்குள் பார்த்த லாபிர், "அல்லாஹ்!" என்றார். நல்ல பழுத்த தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம்.

"இதுட பேர் எப்சிலன் எரிடானி, சாச்சா."

"மருந்துப் பேர் மாதிரி ஈக்கி. நான் தோடம்பழம் எண்டே செல்றன்."

"நம்மட சூரியன விடக் கொஞ்சம் சின்னது, சூடும் கொறவு. அதான் இந்த நிறம். எங்களுக்குப் பக்கத்து நட்சத்திரம்."

"பக்கத்துல எண்டா?"

"அங்க ஈந்து வெளிச்சம் இங்க வந்துசேர பத்தரை வருஷம்."

"அதுக்குப் பேர் பக்கமா? அப்பிடிப் பாத்தா ஒங்கட வாப்பாவும் எனக்குப் பக்கத்துலதான் ஈக்கிறார்."

ஸனா சிரித்தாள். "இப்ப நீங்க பாக்கிறது பத்தரை வருஷத்துக்கு முந்தி அங்க ஈந்து வெளிக்கிட்ட வெளிச்சம், சாச்சா."

லாபிர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பத்தரை வருஷத்துக்கு முந்தி வாப்பா உயிரோடு இருந்தார். டிஷ் பிறை இல்லை. எல்லாரும் ஒரே சஹனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வெளிச்சம் புறப்பட்டிருக்கிறது. கண்ணைக் குழாயிலேயே வைத்துக்கொண்டு, "சரி, வேற என்ன ஈக்கி அங்க?" என்று கேட்டார்.

"ஒரு கிரகம் ஈக்கி. நம்மட வியாழன் மாதிரிப் பெருசு. ஒரு சுத்து சுத்தி வர ஏழு வருஷத்துக்கும் கொஞ்சம் கூட."

"எங்க, காட்டு."

"தெரியாது சாச்சா."

"என்ன புள்ள, பெருசு எண்டாய்?"

"பெருசுதான். ஆனா நட்சத்திரத்துட வெளிச்சத்துல அமுங்கிப் போகுது. அது இழுக்கிற இழுப்புக்கு நட்சத்திரம் மிச்சம் மிச்சம் சின்னதா முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். அந்த ஆட்டத்த அளந்துதான் கண்டுபிடிச்சாங்க."

தேத்தண்ணீரோடு ஏறி வந்த அஸீமா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "இடுப்புல புள்ளைய வெச்சிட்டு நடக்கிற பொம்புள ஒரு பக்கம் சாஞ்சி சாஞ்சி நடப்பாளே, அப்பிடியா? இருட்டுல புள்ள தெரியாட்டியும் நடையப் பாத்தா தெரியும்."

"அதேதான் சாச்சி! இத நான் கெம்பஸ்ல செல்லப் போறன்."

லாபிருக்கும் அது விளங்கியது. அவர் குறிவைக்கும் செட்டிலைட்டை மட்டும் யார் கண்டார்? மீட்டர் முள் ஏறினால் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏழு வருஷம் ஒரு வருஷமெண்டா அங்க நோன்பு எத்தன மாசம் பிடிக்கணும்?"

"அது வாயு உருண்ட சாச்சா, ஆக்கள் இருக்க ஏலா."

"நல்ல காலம்!"

அதற்குப் பிறகு லாபிருக்கு அது பைத்தியமாகவே போய்விட்டது. மேகமில்லாத நாளெல்லாம் கஞ்சிக் கோப்பையோடு மேலே ஏறிவிடுவார். ஒரு நாள் ஸனா இன்னொன்று சொன்னாள். அந்தக் கிரகம் இருக்கிறது என்று முதலில் சொன்னபோது எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லையாம். நட்சத்திரத்தின் மேலேயே கரும்புள்ளிகள் இருக்கும், அவை காட்டுகிற கண்கட்டாக இருக்கும் என்று ஒரு பக்கம் மறுத்ததாம். அது வருஷக்கணக்கில் இழுபட்டதாம்.

லாபிர் குழாயிலிருந்து கண்ணை எடுத்தார். "முதல்ல சொன்ன ஆக்களப் பாத்து மத்தவங்க சிரிச்சாங்களா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று ஸனாவுக்குப் புரிந்தது. அவள் அந்த வீட்டுப் பிள்ளையல்லவா. "சிரிக்கல்ல சாச்சா. திரும்ப அளந்தாங்க. வேற ஆக்களும் அளந்தாங்க. ஒரு கண்ணு பத்தாது, அவ்வளவுதான். பிழையாப் பாக்கிறது ஒரு குத்தமில்ல. கடைசியில கிரகம் ஈக்கத்தான் செஞ்சிச்சி."

ஏழு வருஷமாக ஊரில் ஒருவரும் லாபிரிடம் இப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குத் தராவீஹில் அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்றவர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

நானாவின் பெருநாள் வந்தது. லாபிருக்கு அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. பகலெல்லாம் சுவர் தாண்டி நெய்ச்சோற்று மணம். புது உடுப்போடு ஸனா வாப்பாவிடம் போய், "பெருநாளைக்கு எனக்கு ஒண்டும் வேணாம் வாப்பா. நாளைக்கு டெலஸ்கோப்பத் திருப்பிக் குடுக்கணும். இண்டைக்கு மஃரிப் தொழுதுட்டு சாச்சாட தட்டுக்கு வந்து என்ட நட்சத்திரத்த ஒருக்காப் பாருங்க" என்று கேட்டுவிட்டாள். பெருநாளன்று மகள் கேட்டதை எந்த வாப்பா மறுப்பார்? ஷப்ராஸ் முனகினார், இருமினார், முழங்கால் வலி என்றார், கடைசியில் "சரி" என்றார். வந்து சொன்ன ஸனா லாபிரையும் விடவில்லை. "நீங்களும் மேல ஈக்கணும் சாச்சா. இல்லாட்டி குழாய ஆர் திருப்புற?" குழாயைத் திருப்ப அவளுக்கு ஆள் வேண்டியதில்லை என்று லாபிருக்குத் தெரியும். இருந்தாலும் ஏறினார்.

அப்படித்தான் ஏழு வருஷத்துக்குப் பிறகு இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் இரண்டு பேரும் அந்தத் தட்டில் நின்றார்கள். ஸலாம் சொன்னார்கள். நானா டெலஸ்கோப் போஸ்ட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல இரும்பு" என்றார். "ஒங்கட கடையில வாங்கினதுதான் நானா" என்றார் லாபிர். மேற்கே மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. கீழே ரோட்டில் நின்று பிறை தேடியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

லாபிர் மேற்கைப் பார்க்கக் கூடாது என்றுதான் நின்றார். ஆனால் கண் கேட்குமா? எதிர்மலைக்கு மேலே மேகம் ஒரு சாண் விலகியது. அந்த இடைவெளியில் மெல்லிய, வளைந்த, வெள்ளிக் கம்பி போன்ற கீற்று.

இந்த முறை அவர் கத்தவில்லை. அந்தக் கடைக்காரருடைய டிஷ்ஷை அவர் அந்தக் கூத்து நடந்த மறுநாளே போய்க் கழற்றி அந்த வீட்டின் பின்பக்கம் பூட்டியிருந்தார். அது இதுவாக இருக்க முடியாது. வேறு யாராவது புதிதாகப் பூட்டியிருந்தால்? போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு மலையையும் கீற்றையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்க்குள்ளேயே, "ஒரு கண்ணு பத்தாது" என்று சொல்லிக்கொண்டார். பிறகு நானாவை அழைத்தார்.

"நானா, இஞ்ச வாங்க. ஒண்டும் செல்ல மாட்டன். நீங்க பாருங்க."

ஷப்ராஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார். "எறங்குதா?" என்றார்.

"அதத்தான் பாத்துக்கிட்டு ஈக்கிறன்."

இருவரும் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். கீற்று மெதுவாக, மிக மெதுவாக, மலை உச்சியில் நின்ற கித்துள் மரத்தின் தலையை நோக்கிச் சரிந்தது. முதலில் மரத்துக்கு மேலே, பிறகு ஓலைகளுக்கு நடுவில்.

"எறங்குதுடா!" என்றார் ஷப்ராஸ். அடுத்த கணம் அந்த ஹாஜியார், காலையில் பெருநாள் தொழுது முடித்த மனிதர், தட்டின் விளிம்புக்குப் போய்க் கீழே இருந்த ரோட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "பிறை! என்ட தம்பி பிறை கண்டான்! எல்லாரும் மேல பாருங்க!"

கீழே ஓடி வந்தவர்களும் கண்டார்கள். ஷப்ராஸ் அதோடு நிற்கவில்லை, பள்ளிவாசலுக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்டது லாபிருக்கு விளங்கவில்லை. நானா சொன்ன பதில் மட்டும் நன்றாகக் கேட்டது.

"டிஷ்ஷெண்டா எறங்குமா? தம்பியும் கண்டான், நானும் கண்டன். ரெண்டு சாட்சி. எழுதிக்கொள்ளுங்க."

லாபிர் அழுதார். ஒளிக்கவில்லை, மூக்கைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே அழுதார். "என்னடா நீ, பொம்புளப் புள்ள மாதிரி" என்ற நானாவின் குரலும் சரியாக இல்லை. இதையெல்லாம் படியில் நின்று பார்த்த அஸீமா கீழே போனாள். அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு ஏறி, சாரத்தை அவிழ்த்தாள். நானாவின் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது, இவளுடைய அடுப்பிலிருந்து இறைச்சியும் அச்சாறும் போனது. ஒருவருக்குப் பெருநாள் முடிகிற இரவு, மற்றவருக்குத் தொடங்குகிற இரவு. சோற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

சோறு மேலே வருவதற்குள் மேகம் நன்றாகக் கலைந்திருந்தது. ஸனா குழாயைத் திருப்பி வாப்பாவைப் பார்க்க வைத்தாள். "தோடம்பழம் மாதிரி ஈக்கி" என்றார் ஷப்ராஸ். லாபிருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கிரகம் ஈக்கி எண்டாய், எங்க மகள்?"

ஸனா வாய் திறக்கும் முன் லாபிர் முந்திக்கொண்டார். "அது தெரியாது நானா. ஆனா ஈக்கி. நாங்க இந்தச் சஹன மேல தூக்கி வெச்ச நாள்ல ஈந்து இப்பதான் ஒரு சுத்து சுத்தி வந்தீக்கி."

நான்கு பேரும் சஹனைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தார்கள். பிஸ்மி சொல்லிக் கை வைத்ததும் ஷப்ராஸ் நடுவில் இருந்த பெரிய இறைச்சித் துண்டைப் பிய்த்து, தம்பி பக்கம் தள்ளினார். லாபிர் அதைத் திருப்பித் தள்ளினார். அது போய், திரும்பி வந்து, மறுபடி போய், கடைசியில் லாபிர் பக்கமே நின்றது.

"அடுத்த வருஷம் நான் மாவனெல்லயில ஈப்பன்" என்றார் ஷப்ராஸ், சோற்றைப் பிசைந்துகொண்டே. "இருவத்தொன்பதாம் நோன்புக்கு மேல ஏறி நல்லாப் பாத்துட்டு எனக்குப் போன் எடு. நீ செல்ற வரைக்கும் நான் பெருநாள் எடுக்க மாட்டன்."

லாபிர் தலையை ஆட்டினார்.

"எறங்குதா எண்டும் பாத்துட்டுச் செல்லு" என்றார் நானா.